பிளாஸ்டர் ஒட்டிய சுருதிப்பெட்டி

எனக்கு ராஜினியைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் அவளுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் கதை கட்டத் தேவையில்லை. ஒரே கோயிலில், ஒரே பாயில், ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து வருடக்கணக்காகப் பாடியவர்கள் நாங்கள். பிடிக்காமல் போவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஆனால் என் அண்ணர் ஐயாத்துரை, எங்கள் அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர், அவளைப்பற்றி ஒரு பொய்யை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். "அந்தப் பிள்ளைக்குத் தொண்டை பழுதாப் போச்சு, அதாலை தானாவே விலகிட்டாள்" என்கிறார். தொண்டை பழுதாகவில்லை. தானாக விலகவும் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நடந்ததில் பாதியை நடத்தியவள் நான்.

ராஜினிக்கு இப்போது முப்பத்தேழு வயது. தகப்பன் நல்லதம்பி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து எங்கள் தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கம் கொடுத்த வயல்காணிக்கு வந்தவர். பார்க்கப்போனால் இரண்டு பேரும் வந்தேறிகள்தான். ஆனால் எங்களிடம் காணி உறுதி இருந்தது, அவர்களிடம் மண்வெட்டி இருந்தது. அதனால் எங்கள் வயலில் அவர்கள் கூலிக்கு இறங்கினார்கள். கோயிலுக்குக் கிணறு வெட்டியதும் நல்லதம்பிதான். அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் அம்மனுக்கு அபிஷேகம் நடக்கிறது. கிணற்றுக் கட்டில் அவர் பெயர் இல்லை. கப்பி வாங்கிக் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது.

அவளுடைய குரலை நான் முதன்முதல் கேட்டது, 2009 இல் சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில், தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிக்கு முன்னால். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. வரிசைக்குள் இடையில் புகுந்த ஒரு தடியனைப் பார்த்து, "வாளியை எடடா" என்றாள். கத்தவில்லை, சொன்னாள். அவ்வளவு கூட்டமும் திரும்பிப் பார்த்தது. தடித்த குரல், அடிவயிற்றிலிருந்து வந்த குரல். அவன் வாளியை எடுத்தான். அன்றைக்கு அவள் பிடித்துத் தந்த தண்ணீரை என் அம்மாவும் குடித்தார். நீ எந்த ஊர், எந்த ஆட்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பினோம். எங்கள் பழைய குணமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இனிச் சுருதிப்பெட்டியின் கதை. அண்ணரின் மகள் சாரங்கா சின்ன வயதிலேயே தாயின் தங்கையோடு கனடாவுக்குப் போய்விட்டவள். 2013 இல் அங்கே வாய்ப்பாட்டு அரங்கேற்றம் செய்தாள். அப்போது பாவித்த மின்சாரச் சுருதிப்பெட்டியை எங்கள் கோயிலுக்கு அன்பளிப்பாக அனுப்பினாள். சின்ன ரேடியோப் பெட்டி அளவு இருக்கும். முன்னால் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் சுருதி கூடும், குறையும். பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையில் வைத்துக்கொள்வார். ஆண்களுக்கு ஒன்று, இரண்டு. பெண்களுக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து. எங்கள் கோயிலில் மட்டும் குமிழ் திரும்பாது. பெட்டி வந்த அன்றே அண்ணர் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டரை எடுத்துக் குமிழைச் சுற்றி இறுக்கி ஒட்டிவிட்டார்.

"இது பிள்ளை அரங்கேறின சுருதி. ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றார்.

குமிழ் ஆறு கட்டையில் நின்றது. பதினாலு வயதுப் பிள்ளையின் சுருதி. அந்தச் சுருதியில் பிள்ளை பெற்றவர்களும், பேரப்பிள்ளை கண்டவர்களும் தேவாரம் பாடினோம். எங்களோடு பாடுகிற முத்துலிங்கம் அண்ணை மேலே போனால் கழுத்தைப் பிடித்த சேவல் மாதிரி இருக்கும். இரண்டு வருடத்தில் அதுவே அம்மனின் சுருதி என்று ஆகிவிட்டது. பிளாஸ்டர் கறுத்தால் அண்ணர் கழற்றிப் புதிதாக ஒட்டுவார். ஒட்டிவிட்டுத் திருநீறும் பூசுவார். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அரங்கேறியவள் என் மருமகள், ஒட்டியவர் என் அண்ணர், பாட்டுக்கூட்டத்தின் தலைவி நான். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

2015 இல் ராஜினி வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு வரத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. திருவிழா முடிந்து, அடுத்த நாள் பூங்காவனத்தன்று பின்னேரம் அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது, எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் எழுதிய ஊஞ்சல் பாட்டைத் தனியாக ஒருவர் பாடவேண்டும். அதை ஒரு தடவை பாடவேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. தகப்பன் கிணறு வெட்டிய கோயிலில் மகள் ஒரு பாட்டுப் பாட நினைப்பது பெரிய பேராசை இல்லை. ஆனால் அவளுடைய ஆட்களில் ஒருவர்கூட அதுவரை அந்த மைக்கைத் தொட்டதில்லை.

முதல் நாள் அவள் வாயைத் திறந்ததும் எனக்குத் தண்ணீர் பவுசர் ஞாபகம் வந்தது. உடனே நிறுத்தினேன்.

"ராஜினி, உது ஆம்பிளைக் குரல். மைக்கிலை கேட்டால் சனம் சிரிக்கும். மெல்லிசாப் பாடு. மூக்காலை கொஞ்சம் விடு."

"அப்பிடிப் பாடினால் தொண்டை நோகுது அக்கா."

"நோகத்தான் வேணும். நோகாமல் பாட்டு வருமோ?"

இதை நான்தான் சொன்னேன். மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு, எட்டாத இடங்களில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பாடியவள் நான். அந்த நான், அவளுக்குப் பாடம் சொன்னேன்.

அவள் கெட்டிக்காரி, படித்துக்கொண்டாள். எங்களோடு கதைக்கும்போது எங்கள் பேச்சு, தாய் அழகம்மாவோடு கதைக்கும்போது மலைநாட்டுப் பேச்சு என்று சிறுவயதிலிருந்தே நாக்கை மாற்றிப் பழகியவள். தொண்டையையும் அப்படியே மாற்றினாள். நூல் மாதிரி ஒரு குரலை எங்கிருந்தோ இழுத்து எடுத்தாள். எட்டு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. பாட்டு முடிந்து எழும்பும்போது தொண்டையைத் தடவிக்கொண்டுதான் எழும்புவாள். எல்லாரும் பார்த்தோம். நோகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2023 திருவிழாவில் அவளுக்கு ஊஞ்சல் பாட்டுக் கிடைத்தது. அண்ணரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். நல்ல மனதில் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். அந்த வருடம் மேல் அடிகள் எனக்கு அறவே எட்டவில்லை. ஊருக்கு முன்னால் நான் கவிழ்வதைவிட அவள் பாடட்டும் என்றுதான் கொடுத்தேன்.

அழகம்மா புதுச் சீலை கட்டி, அர்ச்சனைத் தட்டோடு முன்வரிசையில் வந்து இருந்தார். ஊஞ்சல் பாட்டின் முதல் மூன்று செய்யுளும் ஒருமாதிரிப் போயின. நாலாவது செய்யுளில் மேலே ஏறுகிற அடியில் ராஜினியின் குரல் கிழிந்தது. காற்று மட்டும் வந்தது. திரும்பவும் எடுத்தாள், திரும்பவும் கிழிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணர் பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் திறந்திருந்தது.

"தோட்டக்காட்டுத் தொண்டைக்கு ஊஞ்சல் கேக்குதோ?"

வேப்பமரத்தில் கட்டிய நாலு ஒலிபெருக்கியும் அதைச் சொல்லின. வயலில் நின்றவர்களுக்கும் கேட்டது. அழகம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார். ராஜினி மைக்கை என் கையில் தந்துவிட்டுத் தாயின் பின்னால் போனாள். மிச்சப் பாட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து நான் பாடினேன். வாயை அசைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்நாணில் தடிப்பு என்றார்கள். மூன்று மாதம் கதைக்கக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது என்றார்கள். இப்படியே இழுத்துப் பாடினால் பாட்டும் போகும், பேச்சும் போகும் என்று பயமுறுத்தியும் விட்டார்கள். அவள் மூன்று மாதம் ஒரு சொல் கதைக்கவில்லை. கடையில் சீனி வேண்டுமென்றால் கடதாசியில் எழுதிக் காட்டினாள். அண்ணருக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. தொண்டை பழுது என்ற கதையை அப்போதுதான் தொடங்கினார்.

அடுத்த தை மாதம் எங்கள் வயலில் கதிர் பால்பிடித்திருந்தது. குருவியும் கிளியும் கூட்டமாக இறங்குகிற காலம். அவள் அவர்களுடைய துண்டு வயலில் காவலுக்கு நின்றாள். நான் வாய்க்கால் றோட்டால் சைக்கிளில் போனேன். வரம்பில் நின்று, வாயை மூடிக்கொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, மாடு அசைபோடுகிற மாதிரி மெதுவாக முனகிக்கொண்டிருந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு குருவி இறங்கியதும் "ஊய்" என்று ஒரு சத்தம் போட்டாள். தண்ணீர் பவுசர்ச் சத்தம். குருவி முழுக்க எழும்பியது. அந்தச் சத்தம் புறப்பட்ட அதே இடத்திலிருந்து, தொண்டையை இறுக்காமல், ஊஞ்சல் பாட்டைத் தொடங்கினாள்.

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். அதே பாட்டுத்தான். பத்து வருடமாக நாங்கள் எல்லாரும் கீச்சிட்ட பாட்டு. அது இவ்வளவு அகலமான பாட்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. மேலே ஏறுகிற அடி வந்தது. அவள் கழுத்தை நீட்டவில்லை, புருவத்தைத் தூக்கவில்லை. ஏறினாள், இறங்கினாள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொறாமைதான்.

"உதை ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை பேச்சுப் பயிற்சி தாற ஒரு மிஸ். நீ கதைக்கிற குரல் எங்கை இருக்கோ, அங்கையிருந்துதான் பாட்டும் தொடங்கவேணும் எண்டு சொன்னவ. முதல் ரெண்டு மாதம் 'ம்' எண்டு முனகச் சொன்னவ. நெஞ்சிலை கை வைச்சால் அதிரவேணும், தொண்டையிலை ஒண்டும் தெரியக்கூடாதாம். பிறகு குருவி கலைக்கேக்கைதான் எனக்கு விளங்கினது. நாள் முழுக்கச் சத்தம் போட்டாலும் தொண்டை நோகேல்லை அக்கா. அப்ப நோகப்பண்ணினது பாட்டில்லை."

பாட்டில்லை என்றால் வேறு என்ன என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெயரும் அதில் வந்திருக்கும்.

அந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு கிழமை முன்னால் அவள் கோயிலுக்கு வந்தாள். பாட்டுக்கூட்டம் முழுக்க இருந்தது, அண்ணரும் இருந்தார். அவள் பாயில் உட்காரவில்லை.

"தலைவர் ஐயா, ஊஞ்சல் பாட்டை இந்த முறையும் நான் பாடுறன். பெட்டியை ரெண்டு கட்டைக்கு இறக்கவேணும். பாட்டு முடியத் திரும்பி ஏத்தி விடுங்கோ. ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"ரெண்டு கட்டையோ? அது ஆம்பிளையளின்ரை சுருதி."

"என்ரை சுருதி ஐயா."

"கோயிலுக்கு எண்டு ஒரு சுருதி இருக்குது. ஆளாளுக்கு மாத்தேலாது."

"அது அம்மன் சொன்ன சுருதியோ? உங்கடை மகள் பாடின சுருதிதானே?"

யாரும் அண்ணரிடம் அப்படிக் கதைத்ததில்லை. அவருடைய காது சிவந்தது. அவள் அவருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. பெட்டி இல்லாமலே பாடத் தொடங்கினாள். ஐயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். முத்துலிங்கம் அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். அண்ணர் அவரைப் பார்த்ததும் கண்ணைத் திறந்துகொண்டார். இரண்டாவது செய்யுளில் அண்ணர் கையைத் தட்டி நிறுத்தினார். நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிவனேஸ், நீ சொல்லு. இவ்வளவு காலமும் பாடினனீ. ஆறு கட்டை ஏலாதோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராஜினியும் பார்த்தாள். எனக்கு அது எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். எட்டு வருடம் என் பக்கத்திலிருந்து, நான் வாயை மட்டும் அசைப்பதைப் பார்த்தவள். ஒரு சொல் போதும். "ஏலாது அண்ணை" என்றால் முடிந்தது.

"எனக்கு ஏலும்" என்றேன்.

"பிறகென்ன?" என்றார் அண்ணர். "பாடத் தெரியாத கூத்துக்காரிக்குக் கொட்டகை கோணல். போ பிள்ளை."

ராஜினி போனாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய இடம் வெறும் பாயாகக் கிடந்தது. பிறகு பாட்டுக்கூட்டத்துத் தயாளினி அதில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருடம் சாரங்கா வந்தாள். இருபத்தாறு வயது, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தன் சுருதிப்பெட்டியைப் பார்க்கிறாள். பூங்காவனத்தன்று அவள்தான் பாடவேண்டும் என்று அண்ணர் பதாகையே அடித்திருந்தார். ஊர் திரண்டு வந்தது. சாரங்கா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெட்டியைப் போட்டார்கள். ஒரு அடி பாடினாள். இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ அப்பா, இது நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை பாடினது! இப்ப நான் நாலிலைதான் பாடுறன். இவ்வளவு காலமும் இதிலையோ எல்லாரும் பாடினவை? பாவங்கள்!"

சொல்லிக்கொண்டே நகத்தால் பிளாஸ்டரைக் கிளப்பி உரித்தாள். உருட்டிப் பாய்க்கு வெளியே எறிந்தாள். குமிழைத் திருப்பினாள். பன்னிரண்டு வருடமாக ஒருத்தரும் கை வைக்கக்கூடாத குமிழ் டக்கென்று திரும்பியது.

அம்மன் கோபிக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அண்ணர் சனத்தைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினார். "படிச்ச பிள்ளை, அவளுக்குத் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்லதம்பியின் மகள் கேட்டால் அது திமிர். தலைவரின் மகள் செய்தால் அது அறிவு. சாரங்கா அழகாகத்தான் பாடினாள், குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அது ராஜினிக்காக வந்ததா, பன்னிரண்டு வருடம் வீணாகப் போன என் தொண்டைக்காக வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ராஜினியிடம் போனேன். அவர்களுடைய வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. தாயும் மகளும் முற்றத்தில் இருந்து, பிடுங்கிய கச்சான் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அழகம்மா என்னைக் கண்டதும் நான் இருப்பதற்குக் கதிரை எடுக்க எழும்பினார். ராஜினி தாயின் கையைப் பிடித்து இருத்தினாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"பிளாஸ்டர் கழட்டியாச்சு ராஜினி. இனி நீ வரலாம்."

"யாரு கழட்டினாங்க?"

 பதினாறு வருடப் பழக்கத்தில் அவள் என்னோடு தாயின் பேச்சில் பேசியதில்லை. எனக்கென்று வைத்திருந்த பேச்சை அவள் எடுத்து வைத்துவிட்டாள்.

"சாரங்கா" என்றேன்.

"நான் கேட்டப்ப கழட்டக்கூடாது. அவங்க தொட்டதும் கழண்டுருச்சு." காயை ஆய்ந்து கடகப் பெட்டியில் போட்டாள். "திரும்ப ஒட்டுவாங்க, பாருங்க."

"ஒட்டமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்களா?" அவள் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துக் கேட்டாள். "போன வருஷம் எல்லாருக்கும் முன்னால உங்ககிட்டதான கேட்டாங்க, முடியாதான்னு. என்ன சொன்னீங்க?"

நான் குனிந்து, காலடியில் கிடந்த ஒரு காயை எடுத்துக் கடகத்தில் போட்டேன்.

"வெயில் ஏறுது. நீங்க போங்க" என்றாள்.

அந்தக் குரல் உயரவில்லை, இறுகவில்லை. அவள் பாடுகிற அதே இடத்திலிருந்துதான் வந்தது. அவர்களுடைய ஆட்களில் ஒருவர் என்னைப் போ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என்னைப் போ என்பதற்கு இவள் யார் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். பிறகு, ஆடி மாதம் அவர்களுடைய சின்ன மாரியம்மன் கோயிலில் அவள் பாடினாள். தகரக் கொட்டில், மைக் இல்லை, பெட்டி இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் குசினி வரைக்கும் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன்.

சாரங்கா கனடாவுக்குத் திரும்பிப்போன அந்தக் கிழமை, வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குப் போனேன். பெட்டியைப் பார்த்தேன். குமிழ் நாலு கட்டையில் நின்றது. அதைச் சுற்றிப் புதுப் பிளாஸ்டர், வெள்ளை வெளேரென்று. மேலே திருநீறு.

நான் உட்கார்ந்து நகத்தால் பிளாஸ்டரின் ஓரத்தைக் கிளப்பினேன். பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தவள் அல்லவா? கொஞ்சம் கிளம்பியது.

"தங்கச்சி, கையை எடு" என்றார் அண்ணர் பின்னாலிருந்து. "அது பிள்ளையின்ரை சுருதி."

எனக்கு ஐம்பத்தாறு வயது. கையை எடுத்தேன். கிளம்பிய ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டியும் விட்டேன். பிறகு பாடினேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக எல்லா அடியும் எனக்கு எட்டியது. நாலு கட்டை என் குரலுக்குச் சரியாகவே இருந்தது.